காலில் புடைத்து நிற்பது நரம்பா?

என் சித்தி இருபத்திரண்டு வருடம் ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நின்றார். காலை ஒன்பதரைக்குக் கவுண்டருக்குப் பின்னால் போனால், சாப்பாட்டுக்கு அரை மணி போக, இரவு ஒன்பது வரை உட்கார இடம் கிடையாது. நாற்பது வயதில் இடது முழங்காலுக்குக் கீழே பச்சையாக, மண்புழு நெளிவதுபோல ஒன்று புடைத்துக்கொண்டு வந்தது. "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்றார்கள் அக்கம்பக்கத்தில். மருந்துக்கடையில் கேட்டு, நரம்புக்குச் சத்து மாத்திரை வாங்கி இரண்டு வருடம் விழுங்கினார். கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்து, அரிப்பெடுத்து, சொறிந்த இடம் ஆறாத புண்ணான பிறகுதான் டாக்டரிடம் போனார். "இது நரம்பே இல்லம்மா" என்றுதான் அவர் பேச்சைத் தொடங்கினார்.

ஊசி போடும்போதுகூட "நரம்பு கிடைக்கலை" என்றுதான் சொல்கிறோம். நரம்பு மூளையின் செய்தியைக் கொண்டுபோவது. அதற்குள் இரத்தம் ஓடாது. கையிலும் காலிலும் பச்சையாகத் தெரிவது சிரை என்னும் இரத்தக் குழாய். பேச்சில் எப்படிச் சொன்னாலும் குற்றமில்லை. ஆனால் பெயர் மாறியதால் மருந்தும் மாறி, இரண்டு வருடம் வீணாகப் போனதே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

போகும் குழாய், வரும் குழாய்

சும்மா இருக்கும்போதே இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. அது வெளியேறும் பெருந்தமனி ஏறக்குறைய 2.5 செ.மீ. அகலம். தமனியின் சுவரில் மூன்று அடுக்கு உண்டு. நடு அடுக்கில் தசையும் மீள்தன்மையுள்ள இழைகளும் நிறைந்திருப்பதால், ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து பழையபடி சுருங்குகிறது. உள் அடுக்கின்மேல் ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம் இருக்கிறது. வெறும் பூச்சு என்று வெகுகாலம் நினைத்திருந்த அந்தப் படலம்தான் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயைத் தளர்த்துகிறது. இதைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. புகையிலையும், கட்டுக்கடங்காத சர்க்கரையும், உயர் இரத்த அழுத்தமும் முதலில் கெடுப்பது இந்தப் படலத்தைத்தான்.

தமனி கிளைத்துக் கிளைத்துத் தந்துகியாகிறது. அதன் உள்விட்டம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இராது. சிவப்பணுக்கள் உடம்பை வளைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நுழைய முடியும். ஆக்சிஜன் திசுவுக்குப் போவதும் கழிவு இரத்தத்துக்கு வருவதும் இங்கேதான்.

திரும்பி வரும் வழி சிரை. இதற்கும் மூன்று அடுக்குதான், ஆனால் சுவர் மெலிசு. இரத்தம் கூடினால் தொய்ந்து இடம் கொடுக்கும். எந்த நேரத்திலும் உடம்பின் இரத்தத்தில் பாதிக்கு மேல் சிரைகளில்தான் இருக்கிறது.

முன்கையில் ஒரு சோதனை

கையைச் சற்று நேரம் தொங்கவிடுங்கள். முன்கையில் நேராக ஓடும் ஒரு சிரை தெரியும். மணிக்கட்டுப் பக்கம் அதை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் முழங்கையை நோக்கி வழித்துவிட்டு அந்த விரலை எடுங்கள். நடுவில் வால்வு இருக்கும் இடமானால், வழித்த பகுதி தட்டையாகவே கிடக்கும். மேலிருந்து இரத்தம் இறங்கி வராது. அழுத்திய விரலை எடுத்ததும் கீழிருந்து சட்டென்று நிரம்பும்.

மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628இல் வெளியிட்ட நூலில், இரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்பதற்குக் காட்டிய சான்றுகளில் இதுவும் ஒன்று. அந்த வால்வுகளை அவருக்கு முன்பே படம் வரைந்து விளக்கியவர் பதுவாவில் அவருடைய ஆசிரியராக இருந்த ஃபாப்ரிசியஸ். ஆனால் அவை ஒருவழிக் கதவுகள் என்பது மாணவருக்குத்தான் பிடிபட்டது.

கெண்டைக்கால் செய்யும் வேலை

பாதத்திலிருந்து இதயம்வரை இரத்தம் மேல்நோக்கி ஏற வேண்டும். இதயத்தின் தள்ளுவிசை அங்கே மிச்சமிருப்பது சொற்பம். நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கி உள்சிரைகளைப் பிழிகிறது, இரத்தம் மேலேறுகிறது, கீழே இறங்காதபடி வால்வு மூடிக்கொள்கிறது. அசையாமல் நின்றால் கணுக்கால் சிரையில் அழுத்தம் 90 மி.மீ. பாதரச அளவுக்கு ஏறுகிறது. நாலு எட்டு நடந்தால் அதில் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

நாள் முழுக்க நின்றால் சிரை விரிகிறது. விரிந்தால் வால்வின் இரு இதழ்களும் ஒட்டுவதில்லை. ஒரு வால்வு பழுதானால் அதற்குக் கீழே உள்ளதன்மேல் பாரம் விழுகிறது. சித்தியின் தோல் கறுத்ததும் இதனால்தான்: அழுத்தம் தாங்காமல் கசிந்த சிவப்பணுக்களின் இரும்புச்சத்து தோலுக்கடியில் தேங்கிவிட்டது. குடும்ப வாகும் பிரசவங்களும் உடல் எடையும் இதில் சேர்ந்துகொள்ளும்.

எப்போது ஓட வேண்டும்

புடைத்த சிரை அடிபட்டு உடைந்தால் இரத்தம் கொட்டும். உடனே படுக்க வைத்து, காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலும் நின்றுவிடும், பிறகு மருத்துவமனைக்குப் போகலாம்.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் வலித்துச் சூடாக இருந்தால், உள்சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். எண்ணெய் தேய்த்து உருவிவிடாதீர்கள். அந்த உறைகட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 108ஐக் கூப்பிடுங்கள்.

ஸ்டாக்கிங்ஸும் ஸ்டூலும்

டாப்ளர் ஸ்கேனில் எந்த வால்வு கசிகிறது என்பது தெரிந்துவிடும். சித்திக்கு லேசர் சிகிச்சை செய்தார்கள். புண் ஆற மூன்று மாதமாயிற்று. இந்தக் கோளாறுக்கான இறுக்கமான ஸ்டாக்கிங்ஸை, கால் வீங்குவதற்கு முன்பு, காலையில் எழுந்ததுமே போட வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களும், நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. தமனி அடைப்பு இருந்தால் கால் கெட்டுவிடும். நின்றபடியே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது எல்லோருக்கும் கைகொடுக்கும்.

கடை ஊழியர்கள் உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று கேரளம் 2018இல் சட்டம் திருத்தியது, தமிழ்நாடு 2021இல். சித்தி வேலை பார்த்த கடைக்குப் போன தீபாவளிக்குப் புடவை எடுக்கப் போனோம். கவுண்டருக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. அதன்மேல் பிரித்த புடவைகள் குவிந்திருக்க, விற்பனைப் பெண் நின்றுகொண்டிருந்தார். சித்தி எட்டி அந்தப் புடவைகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். "உட்காரும்மா, நாங்க மெதுவா பாத்துக்குறோம்" என்றார்.