பட்டறையில் உங்கள் ‘பாடு’ எப்போது?

பழவேற்காட்டு ஏரிக்கரையில் ‘பாடு’ என்று ஒரு சொல் வழங்குகிறது. ‘பாடு படுகிறேன்’ என்று நாம் அலுத்துக்கொள்கிறோமே, அந்தப் பாடு அல்ல இது. ஏரியில் வலை போடும் இடத்துக்கும், அங்கே வலை போடும் முறைக்கும் அங்குள்ளவர்கள் வைத்திருக்கும் பெயர்.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் இந்த ஏற்பாடு தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்கள் சில, வலைக்காரர்களோ பலர். ஆகவே சீட்டுப் போட்டு, இன்று இவர், நாளை அவர் என்று முறை பிரித்துக்கொள்கிறார்கள். தம்முடைய முறை வரும் வரையில் ஒருவருக்குக் கையில் காசு குறைவாக இருக்கலாம். ஆனால் அது எந்த நாள் வரும் என்று அவருக்குத் தெரியும். நாள் தெரிந்துவிட்டால் காத்திருப்பதில் பாதிக் கஷ்டம் போய்விடுகிறது அல்லவா?

அந்த ஊரிலிருந்து மீன் ஏற்றிச் செல்லும் சின்ன வேன் ஒன்று உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஐஸ் பெட்டிகளில் நண்டும் இறாலும். பொன்னேரியை நெருங்கும்போது முன்னால் போன பஸ் திடீரென்று நிற்கிறது. நீங்கள் பிரேக் போடுகிறீர்கள். உங்களுக்குப் பின்னால் வந்தவர் போடவில்லை. டமார்!

நல்லவேளையாக யாருக்கும் காயம் இல்லை. பம்பர்தான் நசுங்கியிருக்கிறது. “நாலு நாளில் எடுத்துக்கொள்ளலாம்” என்கிறார் பட்டறைக்காரர். பத்து நாள் கழித்துப் போய் நிற்கிறீர்கள்.

“அண்ணே, வண்டி எப்போ கிடைக்கும்?”

“பார்ட்ஸ் வரணும், தம்பி. வந்துட்டா ரெண்டே நாள்.”

“பார்ட்ஸ் எப்போ வரும்?”

“அதான் ஆர்டர் போட்டிருக்கோமே!”

இதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? இதற்குள் வாடகை வண்டிக்குக் கொடுத்தே மீன் வியாபாரத்தின் லாபம் கரைந்துவிடுகிறது. வாடகை கட்டாது என்று நின்றுவிட்டால், உங்களை நம்பிக் கூடையுடன் காத்திருக்கும் பெண்கள் வேறு வியாபாரியைத் தேடிப் போய்விடுவார்கள். போன வாடிக்கை திரும்பி வருவது லேசா?

ஏன் இவ்வளவு நாள்?

பட்டறைக்காரர் மேல் மட்டும் பழி போடுவது நியாயமாகாது. பின்புறம் வாங்கிய அடி வெளியே சிறிதாகத்தான் தெரியும். இந்நாளைய பம்பர் பெரும்பாலும் பிளாஸ்டிக். அதைக் கழற்றினால் உள்ளே இரும்புச் சட்டம் வளைந்திருக்கும். அதற்கும் உள்ளே தளத்தகடு மடிந்திருக்கலாம். சேஸிஸே சற்றுக் கோணியிருக்கலாம். ஆகவே முதலில் போட்ட எஸ்டிமேட் போதாமல், இரண்டாவது எஸ்டிமேட் போட வேண்டியிருக்கிறது. அதைப் பார்க்க இன்ஷூரன்ஸ் சர்வேயர் மறுபடியும் வர வேண்டும்.

பம்பரும் விளக்கும் அடிக்கடி விற்பவை, கடையில் இருக்கும். பின்தகடு போன்றவை எப்போதோ ஒரு முறைதான் விற்கும். சொல்லித்தான் வரவழைக்க வேண்டும். போதாததற்கு மழை வெள்ளம் வந்துவிட்டால் கேட்க வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் சென்னைப் பட்டறைகளில் நனைந்த வண்டிகள் வரிசை வரிசையாக நின்றன.

தாமதத்துக்குக் காரணம் இருக்கிறது, சரி. ஆனால் தேதி சொல்லாமல் இருப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. பழவேற்காட்டாரைப் போல நாமும் நம் முறை எந்த நாள் என்று கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

தேதி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு

இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை மேற்பார்க்கும் ஆணையம் 2024 ஜூனில் ஓர் உத்தரவு வெளியிட்டது. நஷ்டத்தைத் தெரிவித்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும். 15 நாளில் அவருடைய அறிக்கையைப் பெற வேண்டும். அறிக்கை வந்த 7 நாளில் கம்பெனி தன் முடிவைச் சொல்ல வேண்டும். அறிக்கையைச் சர்வேயரிடமிருந்து வாங்குவது கம்பெனியின் பொறுப்பு. நீங்கள் அவர் பின்னால் அலைய வேண்டியதில்லை.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். கம்பெனிக்குத் தெரிவித்த தேதி, சர்வேயர் வந்த தேதி, பார்ட்ஸ் ஆர்டர் போட்ட தேதி எல்லாவற்றையும் குறியுங்கள். பட்டறைக்காரரிடம், “எந்தெந்தப் பார்ட்ஸ் பாக்கி? எந்தத் தேதியில் வரும்? எழுதிக் கொடுங்கள்” என்று மரியாதையாகக் கேளுங்கள். போனில் செய்தியாக அனுப்பினாலும் போதும். வாய்ச்சொல்லாகச் சொன்ன தேதி மறந்துபோகும். எழுதிய தேதி மறக்காது.

மோதிய இடத்திலேயே செய்ய வேண்டியவையும் உண்டு. இரண்டு வண்டிகளையும் நம்பர் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவரின் லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சர்வேயர் பார்ப்பதற்கு முன் வண்டியைப் பிரிக்க விடாதீர்கள். பிரித்த பிறகு புதிய சேதம் தெரிந்தால், அன்றைக்கே கம்பெனிக்குச் சொல்லுங்கள். இரண்டாவது எஸ்டிமேட் ஒரு நாள் தள்ளிப்போனால் வேலையும் ஒரு நாள் தள்ளிப்போகும்.

பில் வரும்போது திகைக்காதீர்கள்

சாதாரண முழு இன்ஷூரன்ஸில் எல்லாச் செலவும் திரும்பி வராது. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களின் விலையில் பாதியைத் தேய்மானம் என்று கழித்துவிடுவார்கள். பத்தாயிரம் ரூபாய் பம்பருக்கு ஐயாயிரம்தான் வரும். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு ஏறும். ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள வண்டிக்கு 40 சதவிகிதம்.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். வருஷக்கணக்கில் நஷ்டம் கேட்காதவர்களுக்கு, சொந்த வண்டியின் சேதத்துக்காகக் கட்டும் பிரீமியத்தில் 20 முதல் 50 சதவிகிதம் வரை தள்ளுபடி உண்டு. ஒரு தடவை கேட்டால் அது போய்விடும். சிறிய அடியானால் கைக்காசு போட்டுவிடுவதே லாபமாக இருக்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வண்டி ஓடாத நாட்களின் வருமான நஷ்டத்தை உங்கள் பாலிசி கொடுக்காது. ஆனால் மோதியவர் மேலும் அவருடைய இன்ஷூரன்ஸ் கம்பெனி மேலும் மோட்டார் விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடலாம். உயிருக்கும் உடம்புக்கும் மட்டுமல்ல, பிறர் உடைமைக்கு நேர்ந்த சேதத்துக்கும் அங்கே இடம் உண்டு. அதற்கு நாள் பிடிக்கும். வாடகை வண்டி ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கதவு தட்டுவது எங்கே?

கம்பெனி இழுத்தடித்தால் முதலில் அதன் குறை தீர்க்கும் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதம் ஆகியும் தீரவில்லையானால் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அவருடைய அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். கம்பெனி பதில் சொன்ன நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

கோளாறு பட்டறையில் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அதற்கு இரண்டு வருஷம் கெடு. ஆனால் அங்கே போவதற்கு முன் ஒரு தடவை தேதி போட்டுக் கடிதம் எழுதிப் பாருங்கள். கோபமாகக் கத்திய பத்து போன்களுக்கு நகராத வண்டி, அமைதியாக எழுதிய ஒரு கடிதத்துக்கு நகர்வதுண்டு. பட்டறைக்காரரும் மனிதர்தானே! அவருக்கு முன்னால் இருபது வண்டிகள் நிற்கின்றன. கேட்டு எழுதி வைத்தவரின் வண்டிதான் அவர் நினைவுக்கு முதலில் வரும்.

உங்கள் பாலிசியை இன்று மாலையே பெட்டியிலிருந்து எடுத்துப் படித்துப் பாருங்கள். தேய்மானக் கழிவு இல்லாத பாலிசியா, கெடு தேதி எப்போது என்று வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லிவையுங்கள். மோதிய பிறகு படிப்பதைவிட, மோதுவதற்கு முன் படிப்பது எவ்வளவோ மலிவு!