உளச்சிகிச்சையும் அதற்குரிய கட்டணமும்

நமது சங்கத்து நெசவாளர் அங்கத்தினர் ஒருவர் சென்ற ஆண்டு உறக்கமின்றி வருந்தினார். தறியில் அமர்ந்தால் நெஞ்சு படபடக்கும். அறுந்த இழையை முடிவதற்குள் கை நடுங்கி வியர்த்துவிடும். இருதயத்தைப் பரிசோதித்த வைத்தியர் அதில் குறையொன்றும் இல்லையெனக் கூறி, நகரத்தில் தனியே தொழில் நடத்தும் உளவியலர் ஒருவரிடம் அனுப்பினார். அங்கத்தினர் இருமுறை சென்று நின்றுவிட்டார். காரணம் கேட்டோம். "ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை. நான் பேசினேன், அவர் கேட்டார். அதற்கு ஆயிரம் ரூபாயா?" என்றார்.

அவருடைய சினத்தில் நியாயமில்லை என்று நாம் கூறமாட்டோம். எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்பதை அவருக்கு எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சீட்டுப் பணத்தை எடுத்துச் சென்ற மனிதர் அவர்.

மாத்திரை எழுதிக் கொடுப்பவர் மனநல மருத்துவர். அவர் வைத்தியப் படிப்புப் படித்தவர். உளவியலர் மாத்திரை எழுதுவதில்லை. பேச்சின் வழியாகவும் பயிற்சியின் வழியாகவும் சிகிச்சை செய்கிறார். சிலருக்கு இருவர் உதவியும் வேண்டியிருக்கும். மருத்துவ உளவியலராயின், இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் அவருக்குப் பதிவு எண் இருத்தல் வேண்டும். அதைக் கேட்பது மரியாதைக் குறைவன்று. நூல் வாங்கும்போது நம்பரைப் பார்க்காமலா வாங்குகிறோம்? வாசலில் 'ஆலோசகர்' என்ற பலகை தொங்குவதை மட்டும் கண்டு நம்பிவிடலாகாது.

முதல் நாள் பெரும்பாலும் கேள்விகளிலேயே கழியும். தொல்லை எப்போது தொடங்கியது, உறக்கம் எப்படி, குடி உண்டா, கடன் உண்டா, குடும்பத்தில் முன்பு எவருக்கேனும் இவ்வாறு இருந்ததா என்றெல்லாம் கேட்பார்கள். அன்றே குணம் தெரியாது. வெளியே வரும்போது மனம் முன்னிலும் கனத்திருப்பதும் உண்டு. அது கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பேசியவை வெளியே போகாமல் இருக்கும் உரிமையை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அளிக்கிறது. உயிருக்கு ஆபத்து நேரும் என்ற நிலை போன்ற சில விலக்குகள் மட்டும் அதற்கு உண்டு.

இனிக் கட்டணம். ஓர் அமர்வு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை நடக்கும். ஊருக்கும் ஆளுக்கும் தக்கபடி சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரை வாங்குகிறார்கள். அச்சத்தையும் சோர்வையும் எண்ணப் பயிற்சியினால் தீர்க்கும் முறைக்குப் பெரும்பாலும் 12 முதல் 20 அமர்வுகள் தேவைப்படும். ஆயிரம் ரூபாய் வீதம் 12 அமர்வு என்றால் 12,000 ரூபாய். இத்தோடு 12 நாள் பஸ் செலவையும் தறி நின்ற கூலியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இந்தக் கணக்கை முதல் நாளே போட்டுவிடுவது நல்லது. பாதியில் பணம் தீர்ந்து நிற்பதைக் காட்டிலும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரலாமா, கட்டணத்தைக் குறைக்க இயலுமா என்று தொடக்கத்திலேயே கேட்டுவிடலாம். வருவாய்க்குத் தக்கபடி குறைத்து வாங்குவோரும் உண்டு. வட்டிக்குக் கடன் வாங்கி இச்சிகிச்சையைத் தொடங்குவதை நாம் ஆதரிக்க மாட்டோம். கடனே உறக்கத்தைக் கெடுத்திருக்கும்போது மேலும் ஒரு கடன் எதற்கு?

வராத நாளுக்கும் கட்டணம் கேட்பது பலருக்கு வியப்பாகத் தோன்றும். வியன்னா நகரத்து வைத்தியர் பிராய்டு 1913-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். தமது நாளில் ஒரு மணியை நோயாளிக்கென ஒதுக்கியபின், அவர் வந்தாலும் வராவிட்டாலும் அந்த மணிக்கு அவரே பொறுப்பு என்பது அவர் கொள்கை. முறைத் தண்ணீர் பாய்ச்சும் விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தன் முறையில் மடை திறக்காதவனுக்காக வாய்க்கால் காத்திராது. ஆயினும் எத்தனை மணி நேரத்துக்கு முன்னால் சொன்னால் கட்டணம் இல்லை என்பதைக் கேட்டறிந்துகொள்க. ஏழைக்கும் இவ்வுதவி இலவசமாகக் கிடைக்கும் காலம் வரவேண்டும் என்று 1918-இல் புடாபெஸ்ட் நகரில் பேசியவரும் அதே பிராய்டுதான். 1920-இல் பெர்லினில் அத்தகைய மருத்துவ நிலையம் ஒன்று திறக்கப்பட்டது.

மனநோய்க்கும் உடல்நோய்க்கு நிகராகக் காப்பீடு அளிக்க வேண்டுமென மேற்சொன்ன 2017-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஆனால் பெரும்பாலான காப்பீடுகள் ஆஸ்பத்திரியில் படுத்துப் பெறும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன. வாரந்தோறும் சென்று பேசி வரும் செலவு அதில் அடங்காமல் போவதே வழக்கம். பத்திரத்தைப் படித்துப் பார்த்த பிறகே அதை நம்ப வேண்டும். ரசீது எப்படியும் வாங்கி வைக்கவும்.

தனியார் கட்டணம் இயலாதெனில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவுக்குச் செல்லலாம். அங்கே கூட்டம் மிகுதி, பேசக் கிடைக்கும் நேரம் குறைவு. ஆனால் மருத்துவம் மருத்துவமே. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலிமனஸ் தொலைபேசி உதவி 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றுமாயின், அடுத்த அமர்வு நாளை எதிர்பார்த்திராமல் உடனே அந்த எண்ணுக்குப் பேச வேண்டும். அல்லது வீட்டார் துணையுடன் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

நான்கைந்து அமர்வுகளுக்குப் பின்னும் எதை நோக்கிச் செல்கிறோம் என்பது விளங்கவில்லையானால், அதை அவரிடமே கேட்கலாம். வேறொருவரிடம் மாறுவதிலும் தவறில்லை. சொல்லாமல் நின்றுவிடுவதைவிட, நிறுத்தப் போவதாகச் சொல்லி ஒரு கடைசி அமர்வில் பேசிவிட்டு வருவது மேல். படபடப்பு மறுபடி எழுந்தால் என்ன செய்வது என்பதையேனும் அப்போது தெரிந்துகொள்ளலாம்.

நம் அங்கத்தினர் தைப்பொங்கலுக்குப் பிறகு அதே உளவியலரிடம் மீண்டும் சென்றார். இம்முறை கட்டணத்தை முதலில் பேசினார். மாதம் இரண்டு அமர்வு, அதுவும் கூலி பெற்ற மறுநாள் என்று ஏற்பாடாயிற்று. படபடப்பு வந்த நேரத்தை எல்லாம் எழுதிவரச் சொன்னாராம். பாவுக் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் எழுதிச் செல்கிறார்.