பெர்த்தின் 75 சென்ட்: இரு கட்சிகளும் தொட மறுக்கும் ஜிஎஸ்டி கணக்கு

2025 மே 3 சனிக்கிழமை ஆஸ்திரேலியாவில் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. முன்கூட்டியே வாக்களிக்கும் மையங்கள் ஏப்ரல் 22 அன்றே திறந்துவிட்டன. பெட்ரோல் வரிக் குறைப்பு, அணுமின் நிலையம், வீட்டு விலை என்று ஆளும் லேபர் கட்சியும் எதிர்க்கட்சியான லிபரலும் மேடைக்கு மேடை மோதின. எங்களுக்கு வந்த கடிதங்களோ, சண்டையே நடக்காத ஒரு விஷயத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்டன. ஜிஎஸ்டி வருவாயில் மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு உள்ள பங்கைப் பற்றி மட்டும் பிரதமர் அல்பனீசியும் அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் டட்டனும் ஏன் ஒரே வாக்குறுதியைக் கொடுத்தார்கள்? ‘கை வைக்க மாட்டோம்’ என்று இருவரும் அம்மாநிலத் தலைநகர் பெர்த்துக்குப் போய்ச் சொன்னார்களே, அப்படி என்ன இருக்கிறது அதில்?

அரசியல் பதிலை நாலு வரியில் சொல்லிவிடலாம். 2022 தேர்தலில் லேபர் வென்றது 151-இல் 77 இடங்கள். பெரும்பான்மைக்கு 76 வேண்டும். அந்த முறை மேற்கு ஆஸ்திரேலியாவில் மட்டும் லிபரல்களிடமிருந்து நான்கு தொகுதிகளைப் பறித்தது லேபர். அவை இல்லாவிட்டால் அல்பனீசி சுயேச்சைகளின் தயவில்தான் ஆட்சி நடத்தியிருப்பார். 2025 தேர்தலுக்கான தொகுதி மறுவரையறையில் நியூ சவுத் வேல்ஸும் விக்டோரியாவும் தலா ஒன்றை இழக்க, மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு ஒன்று கூடி 16 ஆனது. 2025 மார்ச் 8 அன்று அங்கு நடந்த மாநிலத் தேர்தலில் ரோஜர் குக் தலைமையிலான லேபர் 59-இல் 46 இடங்களைப் பிடித்தது. அங்கே போய் ஜிஎஸ்டி பங்கைக் குறைப்பேன் என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

அரசியலைவிடக் கணக்குதான் சுவையானது. கொஞ்சம் பொறுமை வேண்டும்.

0.75 என்றால் என்ன?

வசூலாகும் ஜிஎஸ்டி முழுவதும் மாநிலங்களுக்கே போகிறது. இன்றைய நிலவரத்தில் ஆண்டுக்கு 9,000 கோடி டாலருக்கும் மேல். ஆனால் தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிப்பதில்லை. காமன்வெல்த் மானிய ஆணையம் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு விகிதம் நிர்ணயிக்கிறது. 1 என்றால் மக்கள்தொகைக்கு ஏற்ற சரியான பங்கு. 0.75 என்றால் ஒரு டாலர் வரவேண்டிய இடத்தில் 75 சென்ட். எல்லா மாநிலங்களும் ஒரே தரத்தில் சேவை வழங்கும் திறன் பெறுவதே நோக்கம் என்பது அதிகாரபூர்வ விளக்கம். நடைமுறையில் இதன் பொருள், சொந்த வருமானம் கொழிக்கும் மாநிலத்திடம் பிடித்து, இல்லாத மாநிலத்துக்குக் கொடுப்பது. பிடிக்கப்படும் மாநிலம் இதைக் கொள்ளை என்று சொல்லும், பெறும் மாநிலம் நீதி என்று சொல்லும். பெர்த்தில் இதைக் கொள்ளை என்று முழங்குகிறவர்கள், தங்கள் மாநிலம் இருபதாம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் வாங்கும் பக்கம் இருந்ததை மேடையில் சொல்வதில்லை. ஆணையமே 1933-இல் பிறந்தது. அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து பிரிந்துபோக வேண்டும் என்று மூன்றில் இரண்டு பங்கு மேற்கு ஆஸ்திரேலியர்கள் வாக்களித்திருந்தார்கள். லண்டன் அதை ஏற்க மறுத்தது வேறு கதை.

சிக்கல் இரும்புத்தாதுவில் தொடங்குகிறது. நாட்டின் இரும்புத்தாது கிட்டத்தட்ட முழுவதும் மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா வட்டாரத்தில்தான் தோண்டப்படுகிறது. மாநில அரசு அதற்கு ராயல்டி வாங்குகிறது. ராயல்டி கூடினால் ‘இந்த மாநிலம் பணக்கார மாநிலம்’ என்று ஆணையத்தின் ஏட்டில் பதிவாகும், ஜிஎஸ்டி பங்கு குறையும். மாநிலத்தின் மக்கள்தொகை நாட்டில் சுமார் 11 சதவீதம். ஆக, ராயல்டியில் கூடுதலாக 100 டாலர் வந்தால் மாநிலத்தின் கையில் தங்குவது ஏறக்குறைய 11 டாலர்தான். மீதி 89 டாலர் ஜிஎஸ்டி பங்கில் கழிந்து மற்ற மாநிலங்களுக்குப் போய்விடும். 2012, 2013-இல் அன்றைய மாநில முதல்வர் காலின் பார்னெட்டின் அரசு தூள் தாதுவுக்கான ராயல்டியை 5.625 சதவீதத்திலிருந்து படிப்படியாக 7.5 ஆக உயர்த்தியபோது கான்பராவிலுள்ள மத்திய அரசோடு நடந்த மல்லுக்கட்டு இதை ஒட்டியதுதான்.

இதில் அவர்களுக்கு ஒரு நியாயமான ஆதங்கமும் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில் சூதாட்ட இயந்திரங்களை பெர்த் கேசினோவுக்கு வெளியே அனுமதிப்பதில்லை. நியூ சவுத் வேல்ஸில் கிளப்புக்குக் கிளப், பப்புக்குப் பப் இருக்கின்றன, வரி கொட்டுகிறது. ஆனால் சூதாட்ட வரியை ஆணையம் மாநிலத்தின் ‘வருவாய்த் திறன்’ என்று வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. தாது கணக்கில் வரும், சூதாட்டம் வராது. பில்பராக்காரர் எரிச்சல்படாமல் என்ன செய்வார்?

இன்னொரு பிசகு, கால இடைவெளி. ஓர் ஆண்டின் விகிதம், முடிந்துபோன மூன்று ஆண்டுகளின் சராசரி. 2015-16 விகிதத்துக்கு எடுத்துக்கொண்ட ஆண்டுகள் 2011-12 முதல் 2013-14 வரை. தாது விலை உச்சத்தில் இருந்த காலம். விகிதம் 0.30-க்கு இறங்கியது. டாலருக்கு முப்பது சென்ட்! ஆனால் 2015 டிசம்பரில் தாது விலை டன்னுக்கு 40 அமெரிக்க டாலருக்கும் கீழே போயிருந்தது. நல்ல காலத்துக் கணக்கு, கெட்ட காலத்தில் வந்து கையைக் கடித்தது. கடன் ஏறியது. 2017-இல் லிபரல் முதல்வர் பார்னெட் தோற்றார், லேபரின் மார்க் மெக்கோவன் வந்தார். லிபரல் கட்சிக்கு மாநிலத்தில் தரை நழுவுவது, அப்போது அதே கட்சி ஆண்ட கான்பராவுக்குத் தெரிந்தது.

2018-இல் என்ன செய்தார்கள்?

அப்போதைய மத்திய நிதியமைச்சர் ஸ்காட் மாரிசன் ஒரு திட்டம் போட்டார், நவம்பரில் சட்டமாயிற்று. ஒவ்வொரு மாநிலத்துக்கும் நியாயமான பங்கை உறுதிசெய்யும் சட்டம் என்று தலைப்பிலேயே எழுதிவைத்தார்கள். தலைப்பில் நியாயத்தைப் போட்டு வரும் சட்டத்தை நான் ஒன்றுக்கு இரண்டு முறை படிப்பேன். இதையும் படித்தேன். உள்ளே இருப்பவை மூன்று ஏற்பாடுகள்.

ஒன்று, தரைமட்டம். எந்த மாநிலத்தின் விகிதமும் 2022-23 முதல் 0.70-க்குக் கீழே, 2024-25 முதல் 0.75-க்குக் கீழே போகாது. இரண்டு, அளவுகோல் மாற்றம். முன்பு எல்லா மாநிலங்களையும் நாட்டிலேயே வலுவான மாநிலத்தின் திறனுக்கு உயர்த்தினார்கள். இனி நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா இரண்டில் எது வலுவோ, அதன் அளவுக்கு உயர்த்தினால் போதும். ஆறு ஆண்டுகளில் படிப்படியாக வந்து 2026-27-இல் இது முழுமை அடையும். மேற்கு ஆஸ்திரேலியா அந்த அளவுகோலுக்கு மேலே எவ்வளவு சம்பாதித்தாலும் அது அதன் சொந்தப் பணம்.

மூன்றாவதுதான் என்னை உட்காரவைத்தது. ஒருவருக்கு அதிகம் கொடுத்தால் மற்றவர்களுக்குக் குறையுமே, அவர்கள் ஒப்புக்கொள்வார்களா? அதற்காக ‘யாருக்கும் நட்டமில்லை’ உத்தரவாதம். இதைச் செயல்படுத்த ஆணையம் ஆண்டுதோறும் இரண்டு கணக்கு போடுகிறது. ஒன்று, புதிய சட்டப்படி. மற்றொன்று, அந்தச் சட்டமே வராமல் இருந்திருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும் என்பது. அதாவது இப்போது இல்லாத ஒரு விதியின்படி ஒரு நிழல் கணக்கு. இரண்டுக்கும் இடையே எந்த மாநிலத்துக்காவது துண்டு விழுந்தால், அதை மத்திய அரசு தன் பெட்டியிலிருந்து நிரப்பும்.

அந்த 100 டாலரை மறுபடி எடுங்கள். தரைமட்டத்தில் நிற்கும் மாநிலத்துக்கு, ராயல்டி எவ்வளவு கூடினாலும் ஜிஎஸ்டி பங்கு இறங்காது. 100 டாலரும் பெர்த்திலேயே தங்கும். மற்ற மாநிலங்களுக்குப் போயிருக்க வேண்டிய 89 டாலரையும் அவை பெற்றுவிடும், கான்பராவிடமிருந்து. தாது விற்று வந்தது 100, மாநிலங்கள் எல்லாம் சேர்ந்து பெற்றது 189. மிச்சம் எங்கிருந்து வந்தது? வருமான வரி கட்டும் ஆஸ்திரேலியரிடமிருந்து, பெர்த்தில் இருப்பவர் உட்பட. எந்த மாநிலத்துக்கும் நட்டமில்லை என்பது உண்மைதான். வரி கட்டுகிறவர் மாநிலம் அல்ல, அவ்வளவே.

இதைவிடக் கவலை தருவது வேறொன்று. தாது விலை ஏற ஏற மத்திய அரசின் பொறுப்பு கூடிக்கொண்டே போகும்; அதற்கு மேல்வரம்பு வைக்கவில்லை. 2018-இல் கான்பரா போட்ட கணக்கில் தாது விலை டன்னுக்கு 55 அமெரிக்க டாலர். அப்படிப் பார்த்துச் சொன்ன செலவு 230 கோடி டாலர். 2019 ஜனவரியில் பிரேசிலின் ப்ருமாடின்யோவில் வாலே நிறுவனத்தின் சுரங்கக் கழிவு அணை உடைந்து 270 பேர் இறந்தார்கள், உற்பத்தி சரிந்தது. பிறகு சீனத்தின் உருக்கு ஆலைகள் ஓடிய வேகம் சேர்ந்துகொள்ள, 2021 மே மாதம் விலை 200 டாலரைத் தாண்டியது. உத்தரவாதம் 2026-27-இல் முடிந்திருக்க வேண்டும். 2023 டிசம்பரில் அல்பனீசி அரசு அதை 2029-30 வரை நீட்டித்தது. மொத்தச் செலவு 6,000 கோடி டாலரை ஒட்டி வரும் என்பது 2025 மதிப்பீடு. இந்த நூற்றாண்டின் ஆக மோசமான கொள்கை முடிவு இதுதான் என்று பொருளியலாளர் சால் எஸ்லேக் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். மறுத்து வாதிட யாரும் அவசரப்படவில்லை.

பழைய விதி இருந்திருந்தால் மேற்கு ஆஸ்திரேலியாவின் விகிதம் 2025 நிலவரத்தில் 0.2-ஐக்கூடத் தொட்டிருக்காது. அந்த மாநிலம் 2021-22-இல் காட்டிய உபரி சுமார் 600 கோடி டாலர். அதே நாட்டில் விக்டோரியாவின் நிகரக் கடன் 2025-இல் 15,000 கோடி டாலரைத் தாண்டும் நிலையில் இருந்தது. பெர்த்தின் வரவுசெலவுத் திட்டங்கள் தாது விலையை அடக்கமாக மதிப்பிடும். ஆண்டு முடிவில் விலை மேலே நிற்கும், ‘எதிர்பாராத’ உபரி வரும். ஆண்டுதோறும் வந்தும் அதற்குப் பெயர் எதிர்பாராதது.

நட்டமே இல்லை என்றால் மற்ற முதல்வர்கள் ஏன் கத்துகிறார்கள்?

2024-இல் தன் மாநில விகிதம் 0.92-இலிருந்து 0.87-க்கு இறங்கியதும் நியூ சவுத் வேல்ஸ் முதல்வர் கிறிஸ் மின்ஸ் குமுறினார். 2025-இல் குயின்ஸ்லாந்தின் முறை. 0.95-ஐ ஒட்டி இருந்தது, 2025-26-க்கு 0.85-ஐ ஒட்டி வந்துவிட்டது. உத்தரவாதம் ஒப்பிடுவது பழைய சட்டத்தையும் புதிய சட்டத்தையும்தான். போன ஆண்டையும் இந்த ஆண்டையும் அல்ல. வழக்கமான ஏற்ற இறக்கத்துக்கு அதில் மருந்து கிடையாது.

குயின்ஸ்லாந்தின் கதையைக் கவனியுங்கள். 2022 ஜூலையில் அன்றைய லேபர் அரசு நிலக்கரிக்குப் புதிய ராயல்டி அடுக்குகளைக் கொண்டுவந்தது. டன் விலை 300 டாலருக்கு மேல் போனால், அந்தக் கூடுதல் பகுதிக்கு 40 சதவீதம். பணம் குவிந்தது. அந்தச் செழிப்பான காலம் மூன்றாண்டுச் சராசரிக்குள் வந்து, கரி விலை இறங்கிவிட்ட வேளையில் ஜிஎஸ்டியைக் குறைத்தது. சூடு ஆறிய பிறகு ரசீதை வாங்கியவர் அடுத்து வந்த முதல்வர் டேவிட் கிரிசஃபுல்லி. அடுக்குகளைப் போட்டவர்கள் எதிர்க்கட்சி வரிசையில் இருக்கிறார்கள். 2015-இல் பெர்த்துக்கு நேர்ந்தது இதேதான். ஆனால் 0.75 என்ற தரைமட்டம் குயின்ஸ்லாந்துக்கு எட்டாத ஆழத்தில் இருக்கிறது. ராயல்டி வாங்கும் எல்லா மாநிலங்களுக்குமான நோய்க்கு ஒரே ஒரு மாநிலத்தின் அளவுக்குச் சட்டை தைத்திருக்கிறார்கள்.

மற்ற கேள்விகள்

விக்டோரியாவுக்கு எப்படி? 2025-26-க்கு 1.07; ஒன்றைத் தாண்டியது.

வடக்கு ஆட்புலத்துக்கு 5-க்கு மேலாமே? ஆமாம்; சுமார் இரண்டரை லட்சம் பேர், பெரிய நிலப்பரப்பு, தொலைதூரப் பழங்குடிக் குடியிருப்புகளுக்குப் பள்ளியும் மருத்துவமும் கொண்டுபோகும் செலவு.

இதனால் கடையில் நான் கட்டும் ஜிஎஸ்டி கூடுமா? கூடாது, பத்து சதவீதம்தான்.

அந்தப் பத்தை உயர்த்த எல்லா மாநிலங்களும் சம்மதிக்க வேண்டுமாமே? சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அந்தச் சட்டத்தை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உண்டு.

ஏற்பாட்டை யாராவது மறுஆய்வு செய்வார்களா? 2026 இறுதிக்குள் உற்பத்தித்திறன் ஆணையம் ஆராய வேண்டும் என்று 2018 சட்டமே சொல்கிறது; முடிவு எதுவானாலும் கை வைக்க மாட்டோம் என்பதுதான் 2025 தேர்தலின்போது பெர்த்தில் இரு கட்சிகளும் தந்த செய்தி.