"வெறும் வாயுதான்" என்று சொல்லிக்கொண்டு வெள்ளியங்கிரி ஏறாதீர்கள்

மாசி பிறந்துவிட்டால் எங்கள் அவசரப் பிரிவில் திங்கட்கிழமைகளின் முகமே மாறிவிடும். சனி இரவு வெள்ளியங்கிரியின் பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடியோடு ஏறத் தொடங்கியவர்கள் ஞாயிறு பகலில் இறங்கி, பஸ் பிடித்து வீடு சேர்ந்து, தூங்கி எழுந்து, "இன்னும் சரியாகல டாக்டர்" என்று வந்து நிற்பார்கள்.

சென்ற மாதம் அப்படி வந்தவருக்கு 46 வயது. ஏழு மலைகளில் இரண்டாவது மலையிலேயே நெஞ்சை அடைத்திருக்கிறது. உடன் வந்தவர்கள் "வாயு" என்று சொல்லி ஓம வாட்டர் கொடுத்திருக்கிறார்கள். குடித்துவிட்டு மீதி ஐந்து மலையையும் ஏறி, சுயம்பு லிங்கத்தைக் கும்பிட்டு, அத்தனை தூரமும் இறங்கி வந்திருக்கிறார். என்னிடம் வரும்போது வலி தொடங்கி 30 மணி நேரம் ஆகியிருந்தது. அடைப்பை நீக்கினோம். செத்துப்போன இதயத் தசையை மீட்க முடியவில்லை. பிழைத்துக்கொண்டார், ஆனால் மாடிப்படி ஏறினாலே இப்போது மூச்சு வாங்குகிறது.

2024 சீசனில் இந்த மலையில் அடுத்தடுத்து பக்தர்கள் இறந்த செய்தியை எல்லோரும் படித்தோம். இதய நோய், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. தனக்கு அந்த நோய் இருப்பதே தெரியாதவருக்கு அந்த எச்சரிக்கை எப்படி உறைக்கும்?

"மேலே ஆக்சிஜன் கிடையாது"

நான் அதிகம் கேட்கும் பொய் இதுதான். வெள்ளியங்கிரி உச்சி 2,000 மீட்டருக்குள் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர். அங்கே பிள்ளைகள் பள்ளிக்கு ஓடுகிறார்கள், தோட்டத் தொழிலாளர்கள் நாள் முழுக்கச் சரிவில் வேலை செய்கிறார்கள். உயரத்தால் வரும் மலைநோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேலேதான் தொடங்கும். ஆகவே ஏழாவது மலையில் மூச்சுத் திணறினால் காற்றைக் குறை சொல்லாதீர்கள். முதல் மலைப் படிகளிலேயே திணறினால் சொல்லவே வேண்டாம். ஒன்று, உடலுக்குப் பழக்கமில்லை. அல்லது இதயமோ நுரையீரலோ உதவி கேட்கிறது. ஐந்து நிமிடம் உட்கார்ந்தும் மூச்சு அடங்கவில்லை என்றால் இரண்டாவதுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பொய்க்குத் துணையாகக் கற்பூரம் வேறு. கற்பூரத்தை முகர்ந்தால் மூக்கில் குளிர்ச்சி தெரியும், மூச்சு சீரானது போலத் தோன்றும். ரத்தத்தில் ஆக்சிஜன் துளிகூட ஏறாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்த நெடியே இழுப்பைக் கிளப்பிவிடலாம். சிலர் வாயில் போட்டு மெல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரலாம்.

வாயு என்று யார் சொன்னது?

ஏறும்போது வந்து, நின்றால் குறைந்து, மறுபடி ஏறினால் மறுபடி வரும் இறுக்கம் வாயு அல்ல. கீழ்த்தாடைக்கோ இடது தோளுக்கோ பரவுவதும், குளிர்காற்றிலும் குப்பென்று வியர்ப்பதும் வாயு அல்ல. சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். திடீர் அசதியும் மூச்சிரைப்பும் மட்டும்தான் இருக்கும். ஏப்பம் வந்ததும் லேசானது என்பதை வைத்து முடிவு கட்டி எத்தனை பேர் மேலே நடந்திருக்கிறார்கள்!

இன்னொரு கொடுமை, கடன் வாங்கிய நெஞ்சுவலி மாத்திரை. பக்கத்தில் வருபவரின் பையிலிருந்து ஒன்றை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்துவிடுகிறார்கள். நீர் வற்றி, ரத்த அழுத்தம் இறங்கிக் கிடப்பவருக்கு அதைக் கொடுத்தால் அங்கேயே மயங்கி விழுவார். பாறைச் சரிவில் மயங்கி விழுந்தால் தலை என்னாகும்?

விரதத்துக்காக நிறுத்திய மாத்திரை

"மலைக்குப் போறதால நாலு நாளா பிரஷர் மாத்திரை போடல." இதை ஒவ்வொரு சீசனிலும் கேட்கிறேன். எந்தச் சாமியும் இதைக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. பிரஷர் மாத்திரையை விரதத்திலும் ஒரு மடக்குத் தண்ணீரோடு போடலாம். சர்க்கரை மருந்துக்கு நேர்மாறான ஆபத்து உண்டு: சாப்பிடாமல் இன்சுலின் போட்டுக்கொண்டு இரவெல்லாம் ஏறினால் சர்க்கரை தாழ்ந்து, கைகால் நடுங்கி, பேச்சு குழறும். அளவை நீங்களாக மாற்றாதீர்கள், மருந்துக் கடைக்காரரிடமும் கேட்காதீர்கள். உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

அடிவாரத்திலேயே போடும் வலி மாத்திரை

கால் வலி வருவதற்கு முன்பே இரண்டு டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டு ஏறும் வழக்கம் இளைஞர்களிடம் பரவிவிட்டது. வெறும் வயிறு, வியர்வையில் வற்றிய உடம்பு, அதன்மேல் இந்த மாத்திரை. சிறுநீரகம் இந்த மூன்றையும் ஒன்றாகத் தாங்காது. பழக்கமில்லாத கால் தசைகள், முக்கியமாக இறங்கும்போது, நார்நாராகச் சிதைந்து அந்தக் கழிவும் சிறுநீரகத்தில் போய் அடைக்கும். மறுநாள் சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போகும். "சூட்டுக்கு" என்று இளநீரும் சீரகத் தண்ணீரும் குடித்துக்கொண்டு மூன்று நாள் வீட்டில் இருந்துவிட்டு, கால் வீங்கிய பிறகு டயாலிசிஸுக்கு வந்த 24 வயதுப் பையனை நான் பார்த்திருக்கிறேன். அந்த நிறத்தைக் கண்டால் அன்றைக்கே வாருங்கள்.

குளிருக்கு ஒரு மடக்கு மதுவும் இதே ரகம்தான். தோல் சூடாகத் தெரியும், உள்ளிருக்கும் வெப்பம் வெளியேறிவிடும். நனைந்த பனியனை மாற்ற ஒரு காய்ந்த சட்டை போதும்.

பத்து நாள் கழித்து வரும் காய்ச்சல்

புதரில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்கரப் டைபஸ் வரலாம். சிகரெட்டால் சுட்டது போன்ற கருத்த பொருக்கு அக்குளிலோ தொடை இடுக்கிலோ இருக்கலாம், வலிக்காது, அரிக்காது. நாமே தேடினால்தான் கண்ணில் படும். சீக்கிரம் வந்தால் விலை மலிவான டாக்ஸிசைக்ளின் மாத்திரையிலேயே குணமாகிவிடும். ஒரு வாரம் பாராசிட்டமாலும் நிலவேம்புக் கஷாயமுமாகக் கழித்துவிட்டு வந்தால் வென்டிலேட்டர் தேவைப்படலாம். மலைக்குப் போய் வந்ததை மருத்துவரிடம் முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

சோதனைகள்

40 வயதைத் தாண்டியவர்கள் மலை ஏறும் முன் ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், ஈசிஜி, தேவைப்பட்டால் டிரெட்மில் ஆகிய சோதனைகளைச் செய்துகொள்ளுங்கள்.

உங்களைக் கேட்டுக்கொள்வது

நான் மலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் ஏறியிருக்கிறேன். விடியும் நேரத்தில் வழியிலுள்ள திருநீற்று மலையில் வீசும் காற்றை மறக்கவே முடியாது. ஆனால் ஆறு வாரத்துக்கு முன்பே தயாராகுங்கள். மருதமலைக் கோயில் படிகளில் வாரம் மூன்று நாள் ஏறி இறங்குங்கள். அங்கேயே நெஞ்சு இறுகினால் நேராக மருத்துவமனைக்கு வாருங்கள். மருதமலை அடிவாரத்துக்கு ஆம்புலன்ஸ் சில நிமிடத்தில் வந்துவிடும். வெள்ளியங்கிரியிலோ 108 வண்டி பூண்டியோடு நின்றுவிடும். ஐந்தாவது மலையில் விழுந்தவரை டோலியில் தூக்கிக்கொண்டு இறங்கவே பல மணி நேரம் ஆகிவிடும். அந்த நேரத்தை எந்த மருத்துவராலும் திருப்பித் தர முடியாது.

கூட வருபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "இவ்வளவு தூரம் வந்துட்டோம், இன்னும் ரெண்டு மலைதான்" என்று முதுகில் கைவைத்துத் தள்ளாதீர்கள். ஒருவருக்கு முடியவில்லை என்றால் அவரை உட்கார வையுங்கள், மேலே நடக்க விடாதீர்கள், தனியாகவும் அனுப்பாதீர்கள். குழுவில் ஒருவர் அவரோடு நின்று ஆள் அழைக்கட்டும். யார் நிற்பது என்பதைப் பூண்டியிலேயே பேசி முடிவு செய்துவிட்டு ஏறுங்கள்.