ஓய்வு பெற்றோரும் ஊர் நீரும்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுத் தம் ஊருக்குத் திரும்புவோர் இன்று நம் கிராமங்களிலும் சிறு பட்டணங்களிலும் பலர் உளர். பொறியாளர், ஆசிரியர், வங்கி அலுவலர், வருவாய்த் துறையினர், இராணுவத்தில் பணி புரிந்தோர் என இவர்கள் பல திறத்தினர். 60 வயதில் ஓய்வு பெறும் ஒருவருக்கு மேலும் பத்து ஆண்டுகளேனும் உழைக்கும் வலிமை உண்டு. மாதந்தோறும் ஓய்வூதியம் வருவதால் கைம்மாறு கருதாது பொதுக் காரியம் செய்யவும் இவர்களால் இயலும். மற்றொரு புறம், கிணறுகள் வற்றுகின்றன. ஏரிகளின் வரத்துக் கால்கள் தூர்ந்து கிடக்கின்றன. நூலுக்குச் சாயமேற்ற நல்ல நீரின்றி நெசவாளர் விலை கொடுத்து நீர் வாங்கும் ஊர்களும் உள்ளன. ஓய்வு பெற்றோரைத் தலைவர்களாகக் கொண்டு ஊர்தோறும் ஒரு நீர்க்காப்புக் குழுவை அமைத்தால் என்ன என்று சங்க நிர்வாகிகள் சிலர் என்னை வினவினர். அவ்வினாவை அங்கத்தினர் முன் வைத்து, அதன் நன்மையையும் அதில் உள்ள இடரையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

லடாக்கில் ஒரு பொறியாளர்

இதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டு இமயத்தின் வடபுறத்தே கிடைக்கிறது. லடாக்கின் தலைநகராகிய லே, கடல் மட்டத்துக்குச் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆண்டு முழுவதும் அங்கே பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து ஏறத்தாழ 100 மில்லிமீட்டரே. வாற்கோதுமையும் கோதுமையும் ஆண்டுக்கு ஒரு போகம் விளையும். ஏப்ரல், மே மாதங்களில் விதைத்தாக வேண்டும். ஆனால் உயரத்தில் உள்ள பனியாறுகள் ஜூன் மாதத்தில்தான் நன்கு உருகத் தொடங்கும். விதைக்கும் காலத்தில் நீர் இல்லை. பயிரில்லாத குளிர்காலத்திலோ ஓடைநீர் எவருக்கும் பயனின்றி ஆற்றில் சென்று கலக்கிறது.

செவாங் நோர்பெல் என்பார் 1960ஆம் ஆண்டு அன்றைய ஜம்மு காஷ்மீர் மாநிலத்தின் ஊரக வளர்ச்சித் துறையில் பொறியாளராகச் சேர்ந்து, லடாக்கில் பாதைகளும் பாலங்களும் கால்வாய்களும் அமைத்தவர். குளிர்காலத்தில் ஒரு நாள், வேகமாக ஓடும் நீர் உறையாதிருப்பதையும், மரநிழலில் மெல்ல ஊர்ந்த நீர் பனிக்கட்டியாகி நிற்பதையும் அவர் கண்டார். நீரின் வேகத்தைக் குறைத்து நிழலில் நிறுத்தினால் அதனைச் சேமிக்கலாம் என்ற கருத்து இவ்வாறு பிறந்தது. ஓடைநீரைக் கால் வெட்டித் திருப்பி, வெயில் படாத மலைச்சரிவில் வரிசையாகக் கற்சுவர்களை எழுப்பி, அவற்றின் பின்னே அடுக்கடுக்காக உறையச் செய்தார். இப்பனித் தேக்கங்கள் இயற்கைப் பனியாறுகளைவிடத் தாழ்வான இடத்தில் இருப்பதால் முன்னதாகவே உருகி, விதைப்புக் காலத்தில் வயலுக்கு நீர் தருகின்றன.

1995இல் ஓய்வு பெற்ற பின் அவர் இப்பணியை விட்டுவிடவில்லை. தொண்டு நிறுவனம் ஒன்றில் சேர்ந்து கிராமம் கிராமமாகச் சென்று இத்தேக்கங்களை அமைத்தார். 2015இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அவர் பயன்படுத்தியவை அந்தந்த இடத்துக் கல்லும் ஊராரின் உழைப்பும் சிறிதளவு குழாயுமே என்பதை நாம் கருத வேண்டும்.

ஆயினும் இத்தேக்கங்கள் எல்லா இடங்களிலும் ஒரே அளவில் பயன் தரவில்லை. இடத்தேர்வு பொருந்தாத இடத்தில் பலன் குறைந்தது. சுவரையும் காலையும் ஆண்டுதோறும் செப்பனிடாத இடத்தில் அவை சிதைந்தன. 2010 ஆகஸ்டில் லே வட்டாரத்தில் கொட்டிய பெருமழை போன்ற ஒரு வெள்ளம் வந்தால் கற்சுவர் எம்மாத்திரம்? எனவே கட்டிய பொறியாளர் சென்ற பின்னும் பழுது பார்க்கும் ஊரார் இருத்தல் வேண்டும். லடாக்கில் நீரைப் பங்கிட்டுத் தருவதற்குச் சுர்பொன் எனப்படும் ஒருவரை ஊராரே நியமிக்கும் பழைய வழக்கம் உண்டு. நம் ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி, மடைக்காரர் என்போர் செய்த பணியே அது. நோர்பெல் தேக்கிய நீரையும் வயலுக்குப் பிரித்துத் தருவது ஊரின் இவ்வழக்கமேயன்றிப் பொறியியல் அன்று.

பங்கீட்டுக்கு ஒரு விதி

மகாராஷ்டிரத்தின் விலாஸ்ராவ் சாளுங்கே ஓய்வு பெற்றவர் அல்லர். புணேயில் தொழிலகம் நடத்திய பொறியாளர். எனினும் அவர் தொடங்கிய பானி பஞ்சாயத்து நமக்கு நேரே பொருந்தும். 1972ஆம் ஆண்டு வறட்சியின் கொடுமையைக் கண்ட அவர், புரந்தர் வட்டத்து நாய்காவ் என்னும் ஊரில் தரிசாய்க் கிடந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, வரப்பும் சிறு தேக்கமும் அமைத்து விளைவித்துக் காட்டினார். பின்னர் ஊரார் கூடி வகுத்த விதிகளே அதிகச் சிறப்புடையன. நீர் தனி ஒருவருக்கன்றிக் குழுவுக்கே உரியது. பங்கு நிலத்தின் பரப்பைப் பொறுத்ததன்று, குடும்பத்தின் தலைக்கணக்கைப் பொறுத்தது. நிலமற்றவருக்கும் பங்கு உண்டு. நிலத்தை விற்றால் நீர் உரிமை அதனுடன் செல்லாது. நீரை மிகுதியாக உறிஞ்சும் கரும்பு கூடாது. இவற்றைப் படிக்கும் கூட்டுறவு அங்கத்தினருக்கு இவை புதியனவாகத் தோன்றா. பங்கு எத்தனை இருப்பினும் ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற நம் விதியின் உடன்பிறப்பே இவை.

யார் எதற்கு உதவுவர்?

ஓய்வு பெற்ற பொறியாளரோ ஓவர்சியரோ மட்டம் பார்த்துத் தரலாம், மதிப்பீடு தயாரிக்கலாம், ஒப்பந்தக்காரரின் வேலையை அளந்து சரி பார்க்கலாம். வருவாய்த் துறையில் இருந்தவர் புல வரைபடத்தைக் கொண்டு பழைய வரத்துக் கால் எங்கே சென்றது, எங்கே அடைபட்டது என்று காட்டவல்லவர். எந்த ஏரிக்கு எவரிடம் அனுமதி பெற வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு உடைய ஏரிகள் பெரும்பாலும் நீர்வளத் துறையைச் சார்ந்தவை; அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தைச் சார்ந்தவை. அனுமதியின்றி ஏரிக்குள் மண்வெட்டியை இறக்கலாகாது. வங்கியில் இருந்தவர் கணக்கு எழுதுவார். ஆசிரியரோ தம் பழைய மாணவர்களை அழைத்து அளவெடுக்கும் பணியில் ஈடுபடுத்துவார்.

அளவெடுப்பதே முதற்பணி. நேரான சுவருடைய உருளைப் பாத்திரம் ஒன்றைத் திறந்த வெளியில் சமமாக வைத்து, தினமும் காலை 8.30 மணிக்கு அதில் நிற்கும் நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதினால் அதுவே ஊரின் மழைக்கணக்கு. மாதம் ஒரு முறை, மோட்டார் ஓடுவதற்கு முன் விடியற்காலையில், குறித்த சில கிணறுகளில் தரையிலிருந்து நீர்மட்டம் வரை உள்ள ஆழத்தைக் கயிறு விட்டு அளக்க வேண்டும். ஈராண்டு இவ்விரு கணக்குகளும் இருந்தால், மழை எவ்வளவு, ஊற்று எவ்வளவு ஏறியது, இறைப்பு எவ்வளவு குறைத்தது என்பதை அங்கத்தினர் தாமே அறிவர்.

கணக்கு எளியது. ஒரு ஏக்கர் நிலத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் 4,047 லிட்டர். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் பெய்யும் ஊரில் அந்த ஏக்கரின் மேல் விழுவது 24 லட்சத்து 28 ஆயிரம் லிட்டர். வரப்பு உயர்ந்திருந்தால் அதில் ஒரு பகுதி நிலத்தில் இறங்கும். வரப்பு கரைந்திருந்தால் மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடும். நெசவாளர் வீட்டின் கூரை 50 சதுர மீட்டர் என்று கொண்டால், அதே மழையில் 30,000 லிட்டர் நீர் அதன் மேல் விழும். தொட்டியில் பிடித்த மழைநீர் உப்பும் கடினத்தன்மையும் அற்றதாகலின் நூல் அலசவும் சாயமேற்றவும் கிணற்று நீரினும் ஏற்றது. ஆனால் சாயக் கழிவுநீரை உறிஞ்சு குழியில் விடுவது ஊர்க் கிணற்றில் விடுவதற்கு ஒப்பாகும். இதனைக் குழு கண்டிப்புடன் தடுக்க வேண்டும்.

கேளாமற் போனதன் விளைவு

இனி இடரைக் கூறுகிறேன். நான் ஆய்வுக்குச் சென்ற ஓர் ஊரில், ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் குழுத் தலைவராக இருந்து, மழைநீர் உறிஞ்சும் பெரிய குழி ஒன்றை அமைத்தார். வரைபடம் பிழையற்றது, கணக்கும் சரியானது. அக்குழியோ நெசவாளர் தெருவின் மேட்டுப் புறத்தில் அமைந்துவிட்டது. ஐப்பசி மழையில் குழி நிரம்பியது. கீழே இருந்த வீடுகளின் தறிக்குழிகளில் நீர் ஊறியது. குழித்தறியில் கால் வைத்து மிதிக்க இயலாமல் தெருவில் பல தறிகள் நின்றன. மழைக்காலத்தில் பாவு காயாமல் கூலி குறைவது போதாதென்று, இருந்த நாள்களும் போயின.

"குழி வெட்டும்போதே இங்கே ஊறும் என்று எங்களுக்குத் தெரியும், ஐயா, எங்களை எவரும் கேட்கவில்லை" என்று அத்தெருவின் மூத்த அம்மையார் ஒருவர் என்னிடம் கூறினார். கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்றேன். "படித்தவர்கள் பேசும் இடத்தில் நாங்கள் என்ன சொல்ல?" என்பதே அவர் விடை.

அந்தப் பொறியாளர் நல்லவர். அடுத்த கூட்டத்தைத் தெருவிலேயே கூட்டி, பிழை தம்முடையது என்று அனைவர் முன்னும் ஒப்புக்கொண்டு, குழியை மூடி வேறிடத்தில் அமைத்தார். இடத்தை அந்த அம்மையாரும் மற்றோரும் காட்டினர். ஆயினும் நின்ற நாள்களின் கூலியை எவரும் ஈடு செய்யவில்லை. இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டியது உள்ளது. தலைவரின் ஓய்வூதியம் மழை பெய்தாலும் பொய்த்தாலும் மாதந்தோறும் வரும். அவர் முடிவு பிழைத்தால் இழப்பு பயிரிடுவோருக்கும் நெய்வோருக்குமே. இழப்பை ஏற்க வேண்டியவரிடம் முடிவு செய்யும் உரிமையும் இருக்க வேண்டும்.

விதிகள் சில

ஆகவே இத்தகைய குழு அமைக்க விரும்பும் சங்கங்கள் பின்வருவனவற்றை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்வது நலம்.

1. ஓய்வு பெற்றவர் தலைவராகலாம். ஆனால் ஈராண்டுக்கு ஒரு முறை தேர்தல் வேண்டும்.

2. நிர்வாகத்தில் கடைமடை விவசாயி, நெசவாளர், நிலமற்றவர் ஆகியோருக்கும் பெண்டிருக்கும் இடம் இருத்தல் வேண்டும். எவ்வேலைக்கும் இடம் தேர்வதற்கு முன், அதனை அடுத்து வாழ்வோரின் சம்மதம் தீர்மானப் புத்தகத்தில் பதிவாக வேண்டும்.

3. பணம் ஒருவர் கையில் நிற்றலாகாது. வங்கிக் கணக்கை இருவர் கையொப்பத்துடன் இயக்க வேண்டும். வரவு செலவை மாதந்தோறும் சங்கக் கட்டடத்தின் பலகையில் ஒட்ட வேண்டும். தலைவர் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டாலும் அதற்கும் கணக்கு வேண்டும். கணக்கில்லாத தருமம் பின்னர் அதிகாரமாக மாறிவிடும்.

4. வேலை தெரிந்த ஒவ்வொருவருடனும் இளம் அங்கத்தினர் ஒருவர் இணைந்து கற்க வேண்டும். மட்டம் பார்க்கவும் மழைக்கணக்கு எழுதவும் ஊரில் குறைந்தது மூவர் அறிந்திருந்தால், ஒருவர் நோயுற்றாலும் பணி நிற்காது.

5. மழைக்கணக்கும் கிணற்றுக் கணக்கும் வரைபடங்களும் சங்கத்தின் அலமாரியில் இருக்க வேண்டும். தலைவர் வீட்டில் இருத்தலாகாது.

இக்குழுவைத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி தனியே பதிவு செய்யலாம். அல்லது சங்கத்தின் உபவிதிகள் இடந்தரும் அளவில் துணைக் குழுவாகவும் நடத்தலாம். ஏரிப் பாசனம் உள்ள இடங்களில், பாசன முறைகளை விவசாயிகளே நிர்வகிப்பதற்கான 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் இருப்பின், அதனோடு போட்டியிடாமல் சேர்ந்து பணியாற்றுவதே முறை.

அங்கத்தினர்களே, தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. ஐப்பசிக்கு முன் செய்ய வேண்டியவை அதிகம். உங்கள் ஊரில் ஓய்வு பெற்று வந்திருப்போர் யாவர் என்று ஒரு பட்டியல் எடுங்கள். அவர்களைச் சங்கக் கூட்டத்துக்கு மரியாதையுடன் அழையுங்கள். அவர்களுக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய முதல் வேலை, கடைமடை வயலிலிருந்து ஏரிக்கரை வரை, நெசவாளர் தெரு வழியாக, உங்களோடு ஒரு காலைப் பொழுது நடந்து வருவதே. நீர் எங்கே நிற்கும், எங்கே ஊறும், எங்கே மாயும் என்பதை வழியில் நீங்கள் சொல்லுங்கள், அவர்கள் குறித்துக்கொள்ளட்டும். மதிப்பீடும் வரைபடமும் அதன் பின் வரலாம்.