ஆலயத்தில் நாட்டுக்கொடி

அமெரிக்கக் கத்தோலிக்க ஆலயங்கள் பலவற்றில் பலிபீடத்தருகே நாட்டுக்கொடி நிற்பதுண்டு. இது தகுமா என்பது அங்கே நெடுநாளைய வாதம். கொடிதானே, இருந்தால் என்ன என்றே நாங்களும் முதலில் எண்ணினோம்.

திருச்சபைச் சட்டத்திலும் வழிபாட்டு நூல்களிலும் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. முடிவு மறைமாவட்ட ஆயருடையது. அவர் பெரும்பாலும் பங்குக் குருவிடமே விட்டுவிடுகிறார். இரண்டாம் உலகப் போரின்போது, போர்முனை சென்றோருக்காகச் செபிக்க, நினைவுப் புத்தகத்தில் பெயர் எழுதும்படி ஆயர்கள் மக்களைக் கேட்டனர். அப்புத்தகம் கொடியருகே வைக்கப்பட்டது. இன்று கொடியை அகற்றச் சொன்னால், அதில் மகன் பெயரை எழுதிய குடும்பத்தின் மனம் நோகாதா?

ஆனால் பீடப்பகுதி பலிபீடத்துக்கும், வாசக மேடைக்கும், நற்கருணைப் பேழைக்கும் உரியது. கொடி முகப்பு மண்டபத்தில் நிற்கட்டும் என்பது அமெரிக்க ஆயர் பேரவையின் யோசனை. 1942-ஆம் ஆண்டுக் கொடிச் சட்டமோ, ஆலயத்தில் வைத்தால் குருவின் வலப்புறத்தில், மேன்மையான இடத்தில் வைக்கச் சொல்கிறது. நல்ல சிக்கல்தான்!

அடக்கத் திருப்பலியில் மட்டும் ஐயமில்லை. படைவீரரின் சவப்பெட்டியானாலும் ஆலய வாசலிலேயே கொடியை எடுத்துவிட்டு, ஞானஸ்நானத்தை நினைவூட்டும் வெண்துகிலைப் போர்த்துகிறார்கள். வெளியே கொண்டுவந்தபின் மறுபடியும் கொடியைப் போர்த்தலாம்.