தோற்ற படமொன்றைச் சுவைத்தல்

தோற்றுப்போன படக்காட்சி ஒன்றைப் பற்றி நல்லுரை கூற முற்படுவார்க்கு நண்பர்கள் அளிக்கும் முதல் மறுமொழி, "ஊரார் எல்லாரும் வேண்டாவென்று தள்ளியதை நீர் ஏன் தலைமேல் வைத்துக் கூத்தாடுகிறீர்?" என்பதே. அவ்வினாவிற்கு எம்மால் இயன்ற விடையை ஈண்டு எழுதுகின்றோம். யாம் எடுத்துக்கொண்ட படம் "இரண்டாம் உலகம்" என்பது. செல்வராகவன் எழுதி இயக்க, ஆர்யாவும் அனுஷ்காவும் இரட்டை வேடம் பூண்டு நடிக்க, 2013-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் வெள்ளிக்கிழமையன்று அது வெளிவந்தது. பெரும்பொருள் செலவிட்டு எடுக்கப்பட்டது; போட்ட பொருள் திரும்பவில்லை. இதனை மறைப்பதற்கில்லை.

அது வெளியான இரண்டாவது வாரத்தில், ஆத்தூரில் பேருந்து ஏறி, முக்காணிப் பக்கம் தாமிரபருணிப் பாலத்தைக் கடந்து, பழையகாயலின் உப்பளங்கள் வெளுத்துக் கிடக்கும் வழியே தூத்துக்குடி சென்று அதனைக் கண்டோம். கொட்டகையில் எம்மையும் சேர்த்து இருபதின்மர் இருந்திருக்கலாம்; இடைவேளைக்குப் பின்னர் அத்தொகை பாதியாயிற்று. வேற்றுலகத்து மாந்தர் வெள்ளை முகங்களோடு தோன்றித் தமிழ் பேசத் தொடங்கியதும், பின்வரிசை இளைஞர் ஒருவர், "அங்கயும் நம்ம ஊரு வாத்தியாருதான் பாடம் எடுக்காரு போல!" என்றார். கொட்டகையே நகைத்தது. யாமும் நகைத்தோம். ஆயினும் எழுந்து போக மனம் வரவில்லை. அதற்குக் காரணம் என்னவென்று அன்று எமக்கு விளங்கவுமில்லை.

கதை இது. நமது உலகில் மருத்துவம் புரியும் ரம்யா என்னும் நங்கை மது என்பானை விரும்பித் தானே முன்வந்து தன் உள்ளத்தைத் தெரிவிக்கின்றாள். நோயுற்ற தந்தையைப் பேணும் கடமையிற் கட்டுண்ட அவன் முதலில் மறுக்கின்றான். பின்னர் அவன் விரும்பும்பொழுது அவளுக்கு வேறோர் இடத்தில் மணம் பேசியாயிற்று. இருவரும் ஒருவாறு மனம் ஒன்றுபடும் வேளையில் அவள் எதிர்பாராவகையில் இறந்துபடுகின்றாள். மற்றோர் உலகிலோ, அதே முகங்களோடு மருவன் என்னும் இளைஞனும் வர்ணா என்னும் வீரமகளும் வாழ்கின்றனர். அவ்வுலகில் மலையுண்டு, காடுண்டு, அரசனுண்டு, வாளுண்டு. காதல் என்னும் ஒன்று மட்டும் இல்லை. பெண்டிர் அங்கே ஆடவரின் உடைமைப் பொருள். வர்ணா அதற்கு உடன்படாதவள். விருப்பமின்றியே மருவனுக்கு மணம் முடிக்கப்படுகின்றாள். காதலியை இழந்த மது அவ்வுலகிற்குச் சென்று சேர, அங்கே இல்லாதிருந்த அந்த ஒன்று மெல்ல முளைவிடுகின்றது.

இதனை மீண்டும் பார்த்தபொழுதுதான் வேறொரு படம் எமது நினைவிற்கு வந்தது. அஃது "கலை அரசி", 1963-இல் அ. காசிலிங்கம் இயக்க, எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்து, கே.வி. மகாதேவன் இசையமைத்து வெளிவந்தது. இந்தியப் படங்களுள் வேற்றுக்கிரக மாந்தரையும் விண்வெளிப் பயணத்தையும் மிக முன்னரே காட்டியவற்றுள் ஒன்று. ககாரின் 1961-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் உலகைச் சுற்றிவந்து இரண்டே ஆண்டுகள் கழிந்திருந்தன. சந்திரனில் மனிதன் கால்வைக்க இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன. அப்படத்தில் வேற்றுக்கிரகத்தார் பறக்கும் கலத்தில் ஏறி நம் பூமிக்கு வருகின்றனர். வருவது எதற்காக? நமது பொன்னிற்கோ நிலத்திற்கோ அன்று. அவர்களிடம் கலை இல்லை. ஆதலின் கலையிற் சிறந்த ஒருத்தியைத் தூக்கிச்சென்று, அவளிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக! எம்.ஜி.ஆரின் பெருவெற்றிப் படங்களின் வரிசையில் இஃது எண்ணப்படுவதில்லை. ஆனால் இத்துணை இனிய கடத்தற் காரணத்தை யாம் வேறெங்கும் கண்டதில்லை.

இரண்டு படங்களுக்கும் இடையே சரியாக ஐம்பது ஆண்டுகள். 1963-இன் வேற்றுலகில் இசை இல்லை. 2013-இன் வேற்றுலகில் காதல் இல்லை. மேனாட்டுக் கற்பனையில் வேற்றுலகம் என்பது பெரும்பாலும் நம்மிடம் இல்லாத ஒன்றை உடைய இடம். ஆங்கிலேயராகிய வெல்ஸ் 1898-இல் எழுதிய நூலில் செவ்வாய்க் கிரகத்தார் கொடிய வெப்பக்கதிரோடும் முக்கால் யந்திரங்களோடும் வந்து நம்மை அழிக்கத் தலைப்படுகின்றனர். அவர்களிடம் அறிவு மிகுதி, படைக்கலம் மிகுதி. நமது இவ்விரு படங்களிலோ வேற்றுலகம் என்பது நம்மிடம் உள்ள ஒன்று இல்லாத இடம். பாட்டு இல்லாத ஊர் எப்படி இருக்கும்? அன்பு பிறவாத நாட்டில் திருமணம் எப்படி நடக்கும்? உப்பின் அருமை உப்பில்லாச் சோற்றில் தெரிவது போல, இல்லாமையைக் காட்டி இருப்பதன் பெருமையை உணர்த்தும் வழி இது. இரண்டாம் உலகத்தை ஈராயிரங் கோடிக் காதம் தொலைவில் வைத்துவிட்டு, இயக்குநர் உண்மையில் ஆராய்வது நம் வீட்டுத் திண்ணையைத்தான். பெண்ணின் சம்மதம் கேட்கப்படாத ஊர் வானத்தில் மட்டுமா உள்ளது?

நிற்க. இவ்வகைப் படங்களைப் பார்ப்பதற்கு ஒரு வகையுண்டு. கணித ஆசிரியர் கரும்பலகை முன் நின்று, "எக்ஸ் என்பது ஓர் எண் என்று வைத்துக்கொள்வோம்" என்கிறார். "ஏன் ஐயா வைத்துக்கொள்ள வேண்டும்?" என்று எழுந்து கேட்கும் மாணவன் அன்று கணக்கு கற்கமாட்டான். வைத்துக்கொண்டபின் அடுத்த படி முறையாக வருகின்றதா என்று பார்ப்பதே அவன் வேலை. விஞ்ஞானக் கற்பனைக்கும் அஃதே முறை. ஒரே ஒரு பொருந்தாமையை நாம் இலவசமாக அளித்துவிட வேண்டும். இரண்டாவதைக் கேட்டால் அப்பொழுது மறுக்கலாம். "இரண்டாம் உலகம்" நம்மிடம் கேட்கும் இலவசம், ஒரே முகமுடையார் இருவேறு உலகில் வாழ்தல் என்பது. பௌதிக நூலாருக்கும் இவ்வகை எண்ணம் புதிதன்று. அமெரிக்க அறிஞர் எவரெட் 1957-இலேயே, அணுவியற் கணக்குகளை உள்ளவாறே கொண்டால் உலகங்கள் பலவாகக் கிளைக்கின்றன என்று கொள்ளவேண்டிவரும் என வாதித்தார். 1995-இல் மேயர், கெலோஸ் என்னும் சுவிஸ் நாட்டு வானநூலார் இருவர் சூரியனை ஒத்த மற்றொரு விண்மீனைச் சுற்றும் கிரகத்தைக் கண்டறிந்து, அதற்காக 2019-இல் நோபெல் பரிசிற் பங்கு பெற்றனர். படம் இவற்றுள் எதனையும் விளக்க முற்படவில்லை என்பது மெய்யே. விளக்காமல் விட்டது நன்று என்பதே எமது கருத்து. அரைகுறை விளக்கத்தினும் வெறும் "வைத்துக்கொள்வோம்" மேலானது.

குறைகளும் உள. யந்திரக் கணிப்பால் வரைந்த காட்சிகள் ஒன்றுபோல் அமையவில்லை. ராம்ஜி ஒளிப்பதிவு செய்த மலைச்சாரல்கள் மெய்யான காற்று வீசும் இடங்களாகத் தோன்ற, அடுத்த நொடியில் வரும் விலங்கு வரைந்து வெட்டி ஒட்டியதாகத் தோன்றுகின்றது. படப்பிடிப்பு ஜார்ஜியா நாட்டில் நிகழ்ந்தமையால் அந்நாட்டார் பலர் துணை வேடங்களில் வருகின்றனர். அவர்தம் உதடு ஒருபுறமும் தமிழ் ஒருபுறமுமாகச் செல்கின்றன. ஹாரிஸ் ஜெயராஜின் பாடல்கள் ஒரு படத்திற்கும், அனிருத்தின் பின்னணி இசை வேறொரு படத்திற்கும் உரியனபோல் சிற்சில இடங்களில் ஒலிக்கின்றன. எல்லாவற்றினும் மேலாக, நம் உலகத்துக் கதை விரைந்து நெஞ்சைத் தொடும்பொழுதெல்லாம் வேற்றுலகத்துக் கதை குறுக்கிட்டு நடையைத் தளர்த்துகின்றது. ஆனால் அனுஷ்காவின் வர்ணாவைக் குறை கூற எமக்கு வாய் வரவில்லை. அவள் வாளைப் பிடித்திருக்கும் பிடியில் நடிப்பு என்பதே தெரியவில்லை.

இத்துணைக் குறைகள் உள்ள பிற படங்கள் ஓடியிருக்க, இது ஏன் ஓடவில்லை? இதற்கு நம் கடற்கரை வழக்கம் ஒன்றைக் கொண்டு விடை கூறலாம். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த காலங்களில், பாரிலிருந்து அள்ளி வந்த சிப்பிகளைத் திறவாமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவர். உள்ளே முத்துண்டா இல்லையா என்பதை ஏலம் கேட்பவன் அறியான். பின்னர் அவன் சிப்பிகளை அழுகவிட்டு, பொறுக்கவொண்ணா நாற்றத்தினிடையே நாட்கணக்கிற் காத்திருந்து, அலசிப் பார்த்த பின்னரே உண்மை வெளிப்படும். படத் தொழிலும் அவ்வாறே. விநியோகஸ்தர் திறவாச் சிப்பியை விலைக்கு வாங்குகின்றார். ஆனால் காத்திருக்கும் பொறுமை மட்டும் இத்தொழிலிற் குறைந்துவிட்டது. முற்காலத்தில் ஒரு படம் நகரங்களில் ஓடித் தேய்ந்து, பின் சிற்றூர்களுக்கும் டூரிங் கொட்டகைகளுக்கும் வந்துசேரப் பல மாதங்கள் ஆகும். வாய்மொழியாகப் புகழ் பரவ அதற்குக் காலம் கிடைத்தது. இக்காலத்திலோ ஒரே நாளில் எல்லா ஊர்களிலும் வெளியாகி, வெள்ளி சனி ஞாயிறு என்னும் மூன்று நாள் வசூலைக் கொண்டே அதன் தலையெழுத்து முடிவாகின்றது. மெல்லச் சுவை தரும் பண்டத்திற்கு மூன்று நாள் போதாது. அதனோடு, காதற் படம் என்று வந்தவர்க்கு வாட்போரும், வாட்போர் காண வந்தவர்க்குக் காதலும் கிடைத்தமையால் இரு சாராரும் மனம் நொந்தனர்.

இது தமிழ்நாட்டிற்கு மட்டும் உரிய நிகழ்ச்சி அன்று. ஜெர்மனியில் பிரிட்ஸ் லாங் இயக்கிய "மெட்ரோபோலிஸ்" என்னும் ஊமைப்படம் 1927-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள் பெர்லினில் வெளியாயிற்று. அதனை எடுத்த உபா நிறுவனம் பெருநட்டம் அடைந்தது. மேலே குறித்த வெல்ஸே அதனை அறிவற்ற படம் என்று ஏசி எழுதினார். விற்கும்பொருட்டுப் படத்தை வெட்டிக் குறைத்தனர். வெட்டிய பகுதிகள் காணாமற்போயின. எண்பது ஆண்டுகள் கழித்து, 2008-இல், கடல்கடந்த போனஸ் அயர்ஸ் நகரத்துப் படக்காட்சிச் சாலை ஒன்றில் தேய்ந்து கீறலுற்ற பிரதி ஒன்று கண்டெடுக்கப்பட்டது; 2010-இல் ஏறத்தாழ முழு வடிவம் பெர்லினில் மீண்டும் திரையேறியது. அமெரிக்காவில் 1982-இல் வந்த "பிளேட் ரன்னர்" முதலில் நட்டப்பட்டுப் பின் பதினோரே ஆண்டுகளில் அந்நாட்டுப் போற்றத்தகு படங்களின் பதிவேட்டிற் சேர்ந்தது. இவற்றைக் கூறுவதனால் "இரண்டாம் உலக"மும் அவ்வாறே உயரும் என்று நாம் சோதிடம் கூறவில்லை. உயராமலும் போகலாம். தோல்வி என்பது படத்தின் தன்மையை அன்று, மூன்று நாட்களின் தன்மையைக் குறிப்பது என்பதே எமது வாதம்.

தோற்ற படத்தைப் பார்ப்பதில் தனித்த இன்பம் ஒன்றும் உண்டு. வெற்றிபெற்ற படத்தை நாம் பார்க்கச் செல்வதற்கு முன்னரே எந்த இடத்தில் கைதட்ட வேண்டும் என்பதைப் பிறர் முடிவு செய்துவிடுகின்றனர். தோற்ற படத்திலோ அவ்வாறு வழிகாட்டுவார் இலர். எது நன்று எது தீது என்று நாமே தேடிக்கொள்ள வேண்டும். கண்டுகொண்டது நமக்கே உரியதாகின்றது.

இதில் எமக்குக் கவலையும் உண்டு. ஒரு படம் தோற்றால் அதன் பொருளாளர் மட்டும் தோற்பதில்லை, "வேற்றுலகக் கதையா? வேண்டாம்" என்று அடுத்த பத்து எழுத்தாளரும் திருப்பியனுப்பப்படுகின்றனர். கற்பனை வறள்வதற்கு இது ஏற்ற காலம் அன்று. "கலை அரசி" வந்த 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட்டு மேலெழுந்தது; சரியாக ஐம்பது ஆண்டும் ஒரு நாளும் கழிந்து "இரண்டாம் உலகம்" வெளியானபொழுது, நமது மங்கள்யான் புறப்பட்டுப் பதினேழு நாட்கள் ஆகியிருந்தன. இப்பொழுதோ ஆத்தூருக்குத் தெற்கே, திருச்செந்தூர் கடந்த குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட்டு ஏவுதளத்திற்கு 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டுள்ளது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தென்துருவம் நோக்கிச் செல்லும் கலம் இலங்கைத் தீவைச் சுற்றி வளைந்து செல்ல வேண்டியிருப்பதால் எரிபொருள் வீணாகின்றது. குலசையிலிருந்து நேர் தெற்கே திறந்த கடல். சிறிய ராக்கெட்டுகளுக்கு இது பேருதவி. பனங்காட்டின்மேல் நெருப்புவால் எழும் நாளில் அதனைப் பார்க்கும் நம் பிள்ளைகளுக்குச் சொந்த மொழியில் வேற்றுலகக் கதை இல்லையென்றால், வானம் அவர்களுக்குப் பிறர் எழுதிய புத்தகமாகவே இருக்கும்.

அண்மையில் ஆத்தூரில் எமது உறவினர் இல்லத்தில் இப்படத்தைத் தொலைக்காட்சியிற் போட்டுக் கண்டோம். இளைஞர் இருவர் பாதியில் எழுந்து போயினர். வெற்றிலைக் கொடிக்காலிற் காலமெல்லாம் உழைத்து முதிர்ந்த ஆச்சி ஒருவர் மட்டும் கட்டிலில் அமர்ந்தவாறே இமையாமற் பார்த்திருந்தார். வர்ணாவிற்கு மணம் முடிக்கப்படும் இடம் வந்ததும் எம்மை நோக்கித் திரும்பினார்.

"ஏய்யா, இது எந்த ஊரு?"

"வேற உலகம், ஆச்சி. அங்க அன்பே கிடையாதாம்."

சற்றுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "அப்ப வெத்தல மாத்தலியோ?" என்று கேட்டார். "பொண்ணுகிட்டக் கேக்காமலே கட்டி வச்சிட்டானுவளே!"

யாம் விடை கூறுமுன், பேசாதிருக்கும்படி கையமர்த்திவிட்டு மறுபடியும் திரையை நோக்கலாயினார்.